மணி அடிக்க வேண்டிய எண்

அந்தப் பெட்டி கொழும்பிலிருந்து வந்த அன்று எங்கள் மின்நிலையத்தில் யாரும் அதைத் தொடவில்லை. இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்தது போல அவ்வளவுதான் இருக்கும். முன்னால் ஒரு சின்னத் திரை, கீழே நான்கு பொத்தான், ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு. ஓப்பரேட்டர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். என்ஜினியர் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"பிள்ளை, இதை நீர்தான் பொருத்திப் பூட்டவேணும். எந்த எண்ணில மணி அடிக்கவேணும் எண்டதையும் நீரே போடும்."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வயதானவர். கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஏன் என்னிடம் தருகிறார் என்று நான் கேட்கவில்லை. என் அக்கா செத்துப்போனதால் வாங்கிய பெட்டி அது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தெமோதரைக்குக் கீழே, பதுளை ஓயா ஆற்றில் போய் விழும் ஓடை ஒன்றை மறித்து ஒரு தனியார் கம்பனி நடத்திய சின்ன மின்நிலையம் அது. மூன்று தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் அவற்றைச் சுற்றித் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்கும் அங்கிருந்துதான் கரண்ட் போனது. பதுளையில் தொழில்நுட்பம் படித்து முடித்த கையோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். மீட்டர்களையும் பட்டரிகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் தோட்டத்திலிருந்து அப்படி ஒரு வேலைக்குப் போன முதல் பெண் நான் என்பதில் அக்காவுக்குப் பெருமை தாங்காது. மலையில் கொழுந்து பறிக்கும்போது யாராவது கேட்டால், "என் தங்கச்சிதான் நம்மளுக்குக் கரண்ட் குடுக்குறா" என்பாளாம்.

அவள் செத்தது தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்துப் பின்னேரம். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவள், வானம் கறுக்கிறதைப் பார்த்து, லயத்துக்குப் பின்னாலிருந்த கம்பி வேலியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போயிருக்கிறாள். அதற்குச் சற்று முன்னால்தான் காற்றில் ஒரு மரக்கிளை முறிந்து மின்கம்பியை அறுத்துப் போட்டிருந்தது. அறுந்த முனை புதருக்குள், வேலியின் மறுகோடியைத் தொட்டபடி கிடந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது.

கம்பி அறுந்து விழுந்தால் மின்நிலையத்திலிருக்கும் பிரேக்கர் தானாகத் திறந்து லைனை நிறுத்த வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் அது நடக்க வேண்டும். பிரேக்கருக்குள் ஒரு கொயில் இருக்கிறது. செம்புக் கம்பியைச் சுற்றிச் செய்த சின்ன உருளைதான். ஆபத்து என்று தெரிந்ததும் அதற்குக் கரண்ட் போகும், அது ஓர் இரும்பு ஊசியை இழுக்கும், ஊசி கொக்கியை விடுவிக்கும், பிரேக்கர் திறக்கும். அன்று எல்லாம் சரியாக நடந்தது, கொயில் இழுக்காததைத் தவிர. அது அதற்கு முன்பே எரிந்து போயிருந்தது. எந்த நாளில் எரிந்தது என்று யாருக்கும் தெரியாது. பிரேக்கர் மூடியிருக்கும்வரை, கொயில் இருந்தாலும் எரிந்தாலும் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. லயத்து ஆட்கள் தொழிற்சாலைக்கு ஓடி, அங்கிருந்து டெலிபோன் வந்து, ஓப்பரேட்டர் கையால் நெம்புகோலை இழுத்து நிறுத்தும்வரை அந்தக் கம்பி உயிரோடுதான் கிடந்தது. அவ்வளவு நேரமும் அக்காவை யாராலும் கிட்டப்போய்த் தூக்க முடியவில்லை. நான் அன்று வேலையாகப் பதுளைக்குப் போயிருந்தேன்.

விசாரணை முடிந்த பிறகு என்ஜினியர் எங்கள் லயத்துக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை. அவராகவே வந்தார்.

"அம்மா, ட்ரிப் கொயில் எரிஞ்சுபோய்க் கிடந்திருக்கு. அதுதான் லைன் நிக்கேல்லை."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எந்தக் கோயிலுங்க எரிஞ்சிச்சு?"

எங்கள் காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறைக்குள், நின்ற யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோயில் இல்லை, கம்பிச் சுருள் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அது எரிஞ்சு கெடக்கிறது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"ஒரு பொக, ஒரு வாடை, ஒண்ணுமே வராதா?"

"பூட்டின பெட்டிக்குள்ள இருக்கும்மா."

"அங்கதான வேல செய்யிற" என்றாள். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் என்னோடு தேவைக்குத்தான் பேசினாள்.

மச்சான் அப்படி இல்லை. அக்காவின் புருஷன். தொழிற்சாலையில் டிரையருக்குப் பக்கத்தில் வேலை, தேயிலையைக் காயவைக்கும் சூட்டில் நின்று நின்று முகம் எப்போதும் சிவந்திருக்கும். கருமாதி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒன்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தச் சாமான் இனிமே எரிஞ்சா தெரியணும். மணி அடிக்கிற மாதிரி ஏதாச்சும் செய்யி. ரெண்டு பொம்பளப் புள்ளைக அந்தக் கம்பிக்குக் கீழதான் வளருதுக."

வேறு கொயில் மாட்டியிருந்தோம், ஆனால் அது எரிந்தாலும் யாருக்கும் தெரியாது. நான் என்ஜினியரிடம் கேட்டேன். அவர் கம்பனியிடம் கேட்டார். கம்பனி யோசித்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக யோசித்தது. அப்புறம்தான் அந்தப் பெட்டி வந்தது.

அது செய்யும் வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. கொயில் வழியாக எந்நேரமும் ஒரு துளி கரண்ட்டை ஓட விடும். கொயிலை அசைக்காத அளவு சின்னத் துளி. அந்தத் துளி ஓடினால் கொயில் இருக்கிறது. குறைந்தால் எங்கோ கம்பி விட்டுப்போகிறது. கூடினால் ஈரத்திலோ உராய்விலோ எங்கோ கசிகிறது. கீழே ஓர் எல்லை, மேலே ஓர் எல்லை. துளி அந்த இரண்டில் எதைத் தாண்டினாலும் மணி. அந்த இரண்டு எண்களை நாம்தான் கொடுக்க வேண்டும்.

பிரேக்கர் செய்தவர்கள் தந்த அளவைப் பார்த்துப் போடுங்கள் என்று கூட வந்த புத்தகம் சொன்னது. எங்கள் பிரேக்கர் என்னைவிட வயதில் மூத்தது. அதன் பெயர்த் தகட்டில் எழுத்தே இல்லை, வண்ணம் பூசிப் பூசி மூடிவிட்டார்கள். செய்த கம்பனி எங்கேயோ மூடுவிழா கண்டு பல காலம்.

"எவ்வளவு போடுறது சேர்?"

"தெரியாது பிள்ளை. சத்தியமாத் தெரியாது" என்றார் என்ஜினியர்.

அன்று திரையில் தெரிந்த அளவை எடுத்தேன். அதற்கு மயிரிழை கீழே ஓர் எல்லை, மயிரிழை மேலே ஓர் எல்லை வைத்தேன். கொயிலுக்கு ஒரு தலைவலி வந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். வாசலுக்கு மேலே பெரிய மணியைப் பொருத்தினோம். மணி அடித்தால் லைனைக் கையால் நிறுத்தி, கொயிலைச் சோதித்து, பிறகுதான் திரும்பக் கொடுப்பது என்று சட்டம் வைத்துக்கொண்டோம். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "இனிமே தெரியும்மா" என்றேன். அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அது பெரிய விஷயம்.

மறுநாளே மணி அடித்தது.

லைனை நிறுத்தினோம். சோதித்தோம். கொயில் நன்றாக இழுத்தது. லைனைக் கொடுத்தோம். அதற்கடுத்த நாள் மறுபடி அடித்தது. அந்த வாரமெல்லாம் அடித்தது. பிரேக்கர் இருந்த அறைக்குத் தகரக் கூரை. வெயில் ஏறினால் செம்பு சூடாகித் துளி குறைந்துவிடும், கீழ் எல்லை அடிக்கும். மழை பெய்தால் ஈரம் ஏறித் துளி கூடிவிடும், மேல் எல்லை அடிக்கும். எங்கள் ஊவா மாகாணத்தில் ஒரே நாளில் வெயிலும் மழையும் வருவது யாருக்குத் தெரியாது? எனக்குத் தெரியாதது அவை கொயிலுக்குள்ளும் வரும் என்பதுதான்.

ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் மூன்று தொழிற்சாலைகளும் நின்றன. கொழுந்து வாட்டும் காற்றாடிகள் நின்றன, அரைக்கும் உருளைகள் நின்றன. தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் டெலிபோனில் கத்துவார்.

"என்னம்மா, இன்னைக்கும் ஒங்க மணியா? அரைச்சுப் போட்ட கொழுந்து புளிச்சிக்கிட்டுக் கெடக்கு. தொரைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சோதிச்சிட்டுத் தந்துர்றோங்க."

"சோதிச்சு என்னத்தக் கண்டீங்க? சொல்லுங்க பாப்போம்."

ஒன்றும் காணவில்லை. ஒரு காலை வேலைக்குப் போனபோது மணியின் சத்தம் வேறு மாதிரி, தொண்டை கட்டியது போலக் கேட்டது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். சுத்தியலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஓப்பரேட்டர்கள் சாக்குத் துண்டைத் திணித்து வைத்திருந்தார்கள். யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. சாக்கை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். நிஜமாக அது அடிக்கும் நாளில் யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த நாட்களில்தான் மச்சான் மின்நிலையத்துக்கு வந்தார். வேலை நேரத்தில், அதுவும் நடுப்பகலில், அவரைக் கேட்டுக்கு வெளியே பார்த்ததும் ஓடிப்போனேன்.

"புள்ளைகளுக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்ல, இல்ல. மணிய எனக்குக் காட்டுறியா?"

உள்ளே கூட்டிப்போனேன். வாசலுக்கு மேலிருந்த மணியைக் காட்டினேன். அவர் தலையை அண்ணாந்து அதைப் பார்த்தபடியே நின்றார். பெஞ்சில் உட்காரவைத்துச் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவர் செம்பை வாங்கி வாயில் வைக்கும்போது மணி அடித்தது.

செம்பு கீழே விழுந்தது. அவர் கேட்டைத் தாண்டி ஓடிவிட்டார். நான் பின்னால் ஓடினேன். பாதை வளைவில்தான் பிடிக்க முடிந்தது. கையை உதறினார். "புள்ளைக! விடு, புள்ளைக!" என்றார்.

"மச்சான், நில்லுங்க. ஒண்ணுமில்ல. இது வெயிலுக்கு அடிக்கிறது."

மூச்சு வாங்க நின்றார். என்னை வெறித்துப் பார்த்தார்.

"வெயிலுக்கு அடிக்கிற மணிய எதுக்கு வச்சிருக்க?"

அவர் பாதையோரம் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் குந்தினார். அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொன்னார். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தொழிற்சாலையில் கரண்ட் நின்ற ஒவ்வொரு முறையும் அவர் டிரையரை அப்படியே விட்டுவிட்டு லயத்துக்கு ஓடியிருக்கிறார். அடுப்பில் நெருப்பு, தட்டுகளில் தேயிலை. பல தடவை எச்சரித்தார்களாம். கடைசித் தடவை தேயிலை கருகிவிட்டது.

"கரண்ட் போனா எனக்கு வேற என்ன தோணும் சொல்லு. கம்பி விழுந்திருச்சுன்னுதான் மனசு சொல்லுது. புள்ளைகளுக்குச் சொல்லி வச்சிருக்கேன், கரண்ட் போச்சுன்னா கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருங்க, நான் வந்து கூப்புடுறவரைக்கும் வெளிய கால வைக்காதீங்கன்னு. அதுக உள்ளயே கெடக்குதுக. நான் போய்க் கதவத் தொறக்க வேணாமா?"

அன்று அவரோடு லயத்துக்கு நடந்தேன். பகல் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. வரிசையில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தன. அக்காவின் காம்பரா மட்டும் சாத்தியிருந்தது. மச்சான் குரல் கொடுத்தார். உள்ளே தாழ்ப்பாள் விலகியது. பெரியவள் சின்னவளைத் தன் மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். சின்னவள் சட்டை நனைந்திருந்தது. அவளுக்கு வெளியே போக வேண்டியிருந்திருக்கிறது, பெரியவள் விடவில்லை.

"சித்தி, கம்பியத் தூக்கிட்டாங்களா?" என்று பெரியவள் கேட்டாள்.

கம்பி விழவே இல்லை என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. சின்னவளைக் குளிப்பாட்டிச் சட்டை மாற்றினேன். அக்காவின் பிள்ளைகளைக் காக்க என்று நான் வைத்த எண்கள், அவர்களின் அப்பாவின் வேலையைத் தின்றுவிட்டன. பிள்ளைகளை இருட்டுக்குள் பூட்டிவிட்டன. எல்லையை நெருக்கி வைத்தால் பத்திரம் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

அடுத்த நாள் என்ஜினியர் என்னைக் கூப்பிட்டார்.

"நான் உம்மைக் குறை சொல்லேல்லை. ஆனா கம்பனி என்ன சொல்லுது தெரியுமோ? மணி இப்பிடி அடிக்கிறதெண்டா பெட்டியைக் கழட்டி வைக்கட்டாம். எல்லையை அகட்டும். இல்லாட்டி ஒண்டுமே இராது."

"எவ்வளவு சேர்? எவ்வளவு அகட்டினா வெயில் வெளிய நிக்கும், சாவும் வெளிய நிக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ரெண்டுக்கும் நடுவில இடம் இருக்கோ எண்டதே எனக்குத் தெரியாது."

எனக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுத்தார். அந்த நாட்களில் நான் பிரேக்கர் அறையிலேயே கிடந்தேன். வெயிலிலும் மழையிலும், பட்டரி நிறைந்திருக்கும்போதும் இறங்கும்போதும் துளி எங்கே போகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று சுவரில் சோக்குக் கட்டியால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தேன். கழித்துப் போட்ட சாமான்களுக்குள் அதே மாதிரி ஒரு பழைய கொயில் கிடைத்தது. அதை மேசையில் வைத்து, வழியில் தடையைக் கூட்டிக் கூட்டி, எந்த அளவில் ஊசியை இழுக்க மறுக்கிறது என்று பார்த்தேன். ஒரு விடை கிடைத்தது. கிடைத்த உடனேயே அது போதாது என்றும் தெரிந்தது. துளி கரண்ட்டை விடுகிற நூல்போன்ற கம்பி, ஆபத்து நேரத்தில் வருகிற பெரிய கரண்ட்டையும் தாங்கும் என்று யார் சொன்னது? துளி நன்றாக ஓடும். பெரியது வந்த கணமே கம்பி அறும். அதைச் சொல்லும் எண் எந்தப் பெட்டியிலும் இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸில் போகும்போது கம்பம் கம்பமாக அந்த லைன் கூடவே ஓடி வரும். ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காருவேன். அம்மா ஒருநாள் தட்டை என் பக்கம் தள்ளி, "நீயும் செத்துப் போயிறாத" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கடைசியில் இரண்டு படியாக வைத்தேன். வழக்கமான வெயிலையும் மழையையும் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்தால் மஞ்சள் விளக்கு மட்டும் எரியும், நாங்கள் கவனிப்போம். நிறைய நகர்ந்தால் மணி. விளக்குக்கான எண்ணைப் போட எனக்குச் சுவரின் கோடுகள் துணை இருந்தன. மணிக்கான எண்ணுக்குத் துணை இல்லை. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, இந்த எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் யார் யார் நிற்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழுத்தினேன். சரி என்று தோன்றியதால் அழுத்தவில்லை. அதற்கு மேல் தாங்க முடியாததால் அழுத்தினேன்.

மணி ஓய்ந்தது. வாரங்கள் போயின. தொழிற்சாலைகள் ஓடின. என்ஜினியர் டீமேக்கரிடம் பேசி மச்சானுக்கு மறுபடி வேலை வாங்கிக் கொடுத்தார். ஆனால் டிரையரில் இல்லை, வெளியே விறகு அடுக்கும் வேலை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிநேகமாகச் சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்கு அந்த அமைதியைக் கேட்கவே பயமாக இருந்தது.

மழைக்காலம் பிடித்த பிறகு ஒரு வியாழக்கிழமை காலையில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். துளி குறைந்திருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அறை குளிர்ந்து கிடந்தது. குளிரிலும் ஈரத்திலும் அது கூட வேண்டும். ஒருநாளும் குறைந்ததில்லை. சுவரில் அப்படி ஒரு கோடு இல்லவே இல்லை.

"சேர், இது வெயில் இல்ல. லைன நிப்பாட்டணும்."

என்ஜினியர் திரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொல்வது அவருக்கு விளங்கியது. முகத்திலேயே தெரிந்தது. டெலிபோனை எடுத்துத் தொழிற்சாலைகளோடு பேசினார். கொழுந்து மலை மலையாக வந்து குவிகிற நேரம் அது. பிறகு கொழும்புக்குப் பேசினார். நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். டெலிபோனை வைத்தார்.

"மணி அடிச்சதோ எண்டு கேக்கினம். விளக்குத்தான் எண்டு சொன்னன். அப்ப ஞாயிற்றுக்கிழமை பாக்கட்டாம்."

"சேர், மணிக்கு நம்பர் போட்டது நான்தான். அது சரியான நம்பர்னு எனக்கே தெரியாது."

"அது எனக்கும் தெரியும் பிள்ளை. கொழும்பில இருக்கிறவைக்குத் தெரியாது."

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மட்டும் நினைத்திருந்தால் நெம்புகோலை இழுத்திருக்கலாம். நானும் இழுத்திருக்கலாம். இழுத்தால் அன்றைக்கே இரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டு, பெட்டியையும் கழற்றிவிட்டு, லைனைக் கொடுத்திருப்பார்கள்.

நான் பிரேக்கருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டேன். கையால் நிறுத்தும் நெம்புகோல் என் முழங்கைக்கு எட்டும் இடத்தில். டெலிபோனின் வயரை நீட்டி அருகில் கொண்டுவந்து வைத்தேன். தொழிற்சாலைக்கு அழைத்து, மச்சானிடம் சொல்லச் சொன்னேன்: கம்பியில் எதைப் பார்த்தாலும், ஒரு கிளை ஆடினாலும், உடனே டெலிபோன் பண்ணுங்க. அவர் விறகு அடுக்குவதை விட்டுவிட்டு மழையில் லைனோடு நடந்துகொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இந்தத் தடவை டீமேக்கர் அவரைத் தடுக்கவில்லையாம்.

அந்த ஸ்டூலில் நானும் என்ஜினியரும் மாறி மாறி உட்கார்ந்தோம். காற்று கூரையைத் தூக்கும்போதெல்லாம் கை தானாக நெம்புகோலுக்குப் போகும். என் கையால் அதை இழுக்க எவ்வளவு நேரமாகும், அதற்குள் அங்கே என்னவாகும் என்று மனம் அதையே அரைத்துக்கொண்டிருந்தது. கொயில் செய்ய வேண்டிய வேலைக்கு நான் எம்மாத்திரம்? டெலிபோன் அடிப்பதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். தெரிந்தும் எழுந்து போக முடியவில்லை. விளக்கு எரிந்தபடியே இருந்தது. மணி அடிக்கவில்லை. அடித்துவிடக் கூடாதா என்று ஏங்கினேன். அடித்தால் நிறுத்த அனுமதி இருந்தது.

ஒன்றும் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைகள் நின்ற பிறகு லைனை நிறுத்தி, பிரேக்கர் பெட்டியின் மூடியைக் கழற்றினோம். கொயிலுக்குப் போகும் கம்பி, முனையில் பச்சையாகக் களிம்பேறி, சில இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. தொடாமல், அப்படியே வைத்து ஒரு தடவை இயக்கிப் பார்ப்போம் என்றார் என்ஜினியர். இயக்கினோம். இழுத்தது. பிரேக்கர் திறந்தது. திரும்ப மூடி, இன்னொரு தடவை இயக்கினோம். சின்னதாக ஒரு பொறி. இழுக்கவில்லை.

நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நாட்களில் ஏதாவது விழுந்திருந்தால் அது முதல் தடவையாகத்தானே இருந்திருக்கும், கொயில் இழுத்திருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஓம் பிள்ளை" என்றார் அவர். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. என் குரலிலும் இல்லை.

சாயங்காலம் மச்சானிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு எரிந்ததை, கம்பியைக் கண்டுபிடித்ததை, புதிய கொயில் மாட்டியதை. அவர் சந்தோஷப்படுவார் என்று எனக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது.

"வெளக்கு எரிஞ்சப்பறமும் லைன் ஓடுச்சா?" என்று கேட்டார்.

"ஓடுச்சு மச்சான்."

"பழுதுன்னு தெரிஞ்சே?"

"ஆமா."

அவர் சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த மாதமே அவர் பிள்ளைகளோடு புறப்பட்டுவிட்டார். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருடைய அண்ணன் இருந்தார். அங்கே ஒரு மேட்டு லயத்தில் காம்பரா கிடைத்தது. தெமோதரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். மச்சான் மூட்டைகளை ஏற்றினார்.

"அங்க இன்னும் கரண்டே இழுக்கல" என்றார் என்னிடம். "மண்ணெண்ணெ வெளக்குதான். புள்ளைக பயமில்லாம வெளிய போய்ட்டு வருங்க."

"நானும் இத விட்டுட்டு வந்துரவா மச்சான்?"

பஸ் கிளம்பப் போகிறது என்று கொண்டக்டர் தட்டினான்.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார். "நீ இருந்தாலும் பயமா இருக்கு. நீ இல்லன்னாலும் பயமாத்தான் இருக்கும்."

பஸ் பண்டாரவளைப் பக்கம் திரும்பி மறைந்தது. பெரியவள் ஜன்னலில் கையை ஆட்டினாள். அம்மாவை லயத்துப் பாதையில் ஏற்றிவிட்டு நான் மின்நிலையத்துக்கு இறங்கினேன். கொயில் புதிது. பழைய கொயிலுக்குப் பார்த்த எண் எதுவும் அதற்குப் பொருந்தாது. என்ஜினியர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பழைய கோடுகளை மறைத்து வைத்திருந்தார். நான் திரையிலிருந்த அளவைப் பார்த்து, முதல் கோட்டை இழுத்தேன்.